வீட்டு ஷெட்டுக்கு ஒரு 2 எச்.பி. கம்ப்ரசர்: பதினாறு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோவை கணபதியில் உள்ள எங்கள் வீட்டின் கார் ஷெட் பத்தடி அகலமும் பதினெட்டு அடி நீளமும் கொண்டது. ஒரு கார், ஒரு பழைய சேத்தக் ஸ்கூட்டர், மகனின் பைக், ஒரு வேலைமேசை ஆகியவற்றுக்கு இடையே கடந்த பதினாறு மாதங்களாகக் காற்றை அழுத்திச் சேர்த்துவைக்கும் ஒரு கம்ப்ரசரும் அங்கே குடியிருக்கிறது. 2 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், பெல்ட்டில் சுழன்று காற்றை அழுத்தும் இரட்டைச் சிலிண்டர் ஹெட், 110 லிட்டர் டேங்க் என்பது அதன் அமைப்பு. உள்ளூர்ப் பட்டறை ஒன்றின் தயாரிப்பான இதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட 34,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தேன். குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதால் செய்தவர் பெயரையும் விற்றவர் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. இயந்திரம் தன் விலைக்கு நியாயமாகவே உழைக்கிறது; இந்தப் பதினாறு மாதங்களில் எனக்கு நேர்ந்த தொல்லைகளில் பெரும்பாலானவை அதை நிறுவிய விதத்தில் நான் காட்டிய அவசரத்தால் வந்தவை. ஆகவே இந்த மதிப்புரையில் இயந்திரத்தைவிட அதற்குப் போட்ட வயரும் குழாயும் அதிக இடம் பிடித்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில், வீட்டுக்குக் கம்ப்ரசர் தேவைதானா என்ற கேள்வியைக் கேட்டுவிடலாம். டயருக்குக் காற்று அடிப்பது மட்டுமே நோக்கமென்றால் தேவையில்லை என்பதே என் பதில். ஒரு சிறிய காரின் டயருக்குள் சுமார் 28 லிட்டர் இடம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 20 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிவிட்ட டயரை 32க்கு ஏற்ற வேண்டுமானால் 12 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 0.83 பார், கூடுதல் அழுத்தம் வேண்டும். அதற்கு வெளிக்காற்று 23 லிட்டர் அளவில் போதும். என் டேங்கில் 8 பார் அழுத்தம் இருக்கும்போது மோட்டாரைத் தொடாமலேயே இருபதுக்கும் மேற்பட்ட டயர்களுக்கு அந்த அளவு காற்றை ஏற்றிவிட முடியும். ஒரு வீட்டில் இத்தனை டயர்கள் இருப்பதில்லை. காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் கையடக்கப் பம்பு அந்த வேலையை மெதுவாகவேனும் ஒழுங்காகச் செய்துவிடும். சக்கர நட்டைக் கழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச், ஸ்ப்ரே கன், பிரேக் டிரம்மிலும் ஏர் ஃபில்டரிலும் படிந்த தூசியை ஊதும் கன் ஆகியவற்றை மாதத்தில் சில நாட்களாவது பிடிப்பவருக்கே இந்தச் செலவு பொருந்தும்.

நானும் முதலில் சிறியதையே நினைத்தேன். மைத்துனரிடம் இருந்த 24 லிட்டர் கம்ப்ரசரை ஒரு மாதம் கடன் வாங்கி வைத்துப் பார்த்தேன். மோட்டாரின் தண்டிலேயே ஹெட் பொருத்தப்பட்ட, நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடும் வகை அது. தூக்கிச் செல்ல எளிது, விலையும் குறைவு. ஆனால் அது ஓடும்போது ஷெட்டுக்குள் பேச முடியாது, பக்கத்து அறையில் தொலைபேசியிலும் பேச முடியாது. கைபேசிச் செயலி ஒன்றில் ஒரு மீட்டர் தொலைவில் அளந்தபோது 94 டெசிபல் காட்டியது. அத்தகைய செயலிகள் துல்லியமானவை அல்ல என்றாலும், இப்போது இருக்கும் பெல்ட் இயந்திரத்தை அதே கைபேசியால் அளந்தபோது 82 காட்டியது. வேறுபாடு காதுக்கே தெரிகிறது. பெல்ட் வகையில் ஹெட்டின் பெரிய புல்லி நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் குறைவான சுற்றுகளே சுற்றுவதால் சத்தமும் சூடும் தேய்மானமும் குறைகின்றன. பல் மருத்துவமனைகளில் வைத்திருக்கும் எண்ணெய் இல்லாத சத்தம் குறைந்த வகை இன்னும் அமைதியானது. மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் ஒரே விலையில் அது தரும் காற்றின் அளவு குறைவு, தேய்ந்த பிஸ்டன் வளையத்தை நம் ஊர்ப் பட்டறையில் மாற்றிக்கொள்வதும் அவ்வளவு எளிதல்ல.

தேர்வில் பலரும் தவறுவது எண்களில்தான். கடைக்காரர் முதலில் சொல்வது எச்.பி., அடுத்து சொல்வது டேங்கின் லிட்டர். இரண்டுமே முக்கியம்தான், ஆனால் கருவி ஓடுமா ஓடாதா என்பதை அவை தீர்மானிப்பதில்லை. நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வெளிவருகிறது என்ற சி.எஃப்.எம். எண்தான் அதைத் தீர்மானிக்கிறது, அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெயர்ப்பலகையில் பெரும்பாலும் பொறித்திருப்பது பிஸ்டன் ஒரு நிமிடத்தில் கடக்கும் கொள்ளளவு. அழுத்தத்துக்கு எதிராக உண்மையில் டேங்கைச் சென்றடையும் காற்று அதைவிடக் குறைவு. சிறிய பிஸ்டன் கம்ப்ரசர்களில் பலகை எண்ணில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் திருப்தி அடையலாம். டேங்க் என்பது காற்றைச் சேர்த்துவைக்கும் பாத்திரம் மட்டுமே. சின்ன ஹெட்டுக்குப் பெரிய டேங்கை மாட்டினால், காற்று தீர்வதற்குச் சற்று நேரம் கூடும். தீர்ந்த பிறகு அது நிரம்பக் காத்திருக்கும் நேரமும் அதே அளவுக்குக் கூடும்.

இதைக் கடையிலேயே சோதித்துப் பார்க்க முடியும். நிறுத்துகடிகாரம் ஒன்று போதும், அது எல்லோருடைய கைபேசியிலும் இருக்கிறது. எல்லா வால்வுகளையும் மூடி, அழுத்தமானி 6 பாரிலிருந்து 8 பாருக்கு ஏற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். 110 லிட்டர் டேங்கில் 2 பார் ஏறுவது என்றால் 220 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது என்று பொருள். நான் வாங்கிய இயந்திரம் அதற்கு 90 விநாடி எடுத்துக்கொண்டது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 147 லிட்டர், அதாவது 5.2 சி.எஃப்.எம். பலகையில் போட்டிருந்தது 8. அதே கடையில் அதே எச்.பி. கொண்ட இன்னொரு இயந்திரத்தையும் ஓட்டிக் காட்டச் சொன்னேன். பலகையில் 9 என்று போட்டிருந்த அது இரண்டு நிமிடத்துக்கும் மேல் எடுத்தது. கடைக்காரருக்கு என் கடிகாரம் பிடிக்கவில்லை. “காரு டயருக்குக் காத்தடிக்கத்தானுங்க? அதுக்கு எதுக்குங்க இவ்வளவு பரீட்சை?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஆனாலும் பொறுமையாக இரண்டையும் ஓட்டிக் காட்டினார்; அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

5 சி.எஃப்.எம். என்பது எதற்குப் போதும், எதற்குப் போதாது? அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்ச் தாராளமாக ஓடும், ஏனென்றால் ஒரு நட்டுக்குச் சில விநாடிகள்தான் அது காற்றைக் குடிக்கிறது. மீதி நேரத்தில் டேங்க் தேறிக்கொள்கிறது. இறுக்கும்போது அதை நம்பாமல் கடைசி இறுக்கத்தை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் செய்வது என் வழக்கம். குறைந்த அளவு காற்றில் இயங்கும் ஸ்ப்ரே கன்னில் ஸ்கூட்டரின் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்க முடிகிறது. 10 சி.எஃப்.எம்.க்கு மேல் கேட்கும் பெரிய கன்னைக் கொண்டு முழுக் காருக்கும் அடிக்க முடியாது. பரப்பைத் தேய்த்து மழமழப்பாக்கும், தொடர்ந்து சுழலும் ஏர் சாண்டர் இதில் ஓடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு நிமிடத்துக்குள் அது தளர்ந்துவிடும், கம்ப்ரசரும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். இத்தகைய சிறிய ஹெட்டுகள் ஓடும் நேரத்துக்குச் சமமான ஓய்வு நேரமும் கிடைக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. தேய்ப்பு வேலைக்கு நான் மின்சார சாண்டரையே வைத்துக்கொண்டேன்.

கம்ப்ரசர் செய்யும் எல்ஜி எக்விப்மென்ட்ஸ் நிறுவனம் 1960இல் தொடங்கப்பட்டதே கோவையில்தான். தொலைக்காட்சிப் பெட்டி செய்யும் கொரிய நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை வெளியூர் நண்பர்களுக்கு நான் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அத்தகைய பெரிய நிறுவனங்களின் இயந்திரங்களையும் பார்த்தேன். அவற்றின் வார்ப்பும் டேங்கின் பற்றவைப்பும் கண்ணுக்கே உயர்வாகத் தெரிந்தன, விலையும் அப்படியே. பஞ்சர் கடையோ சர்வீஸ் நிலையமோ வைப்பவர்கள் அந்தப் பக்கம் போவதே சரி. வாரத்தில் ஒரு நாள் ஓடும் வீட்டு ஷெட்டுக்கு உள்ளூர்த் தயாரிப்பு போதும் என்று முடிவு செய்தேன். வால்வுத் தட்டும் கேஸ்கெட்டும் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கின்றன என்பதும் அந்த முடிவுக்கு ஒரு காரணம்.

பழைய இயந்திரம் ஒன்று பாதி விலைக்கு வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஹெட்டைப் பிரித்துப் பார்க்கலாம், மோட்டாரைத் திரும்பக் கட்டலாம், ஆனால் டேங்கின் உட்புறத்தைப் பார்க்க வழியில்லை. தண்ணீரை வடிக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்ட டேங்கின் அடிப்பகுதி உள்ளிருந்தே துருப்பிடித்து மெலிந்துபோகும். வெளியே புதுப் பெயின்ட் மினுமினுக்கும். 8 பார் அழுத்தத்தில் அது கிழிந்தால் நடப்பது வெடிப்புதான். புதியதை வாங்கும்போதும் டேங்கில் அழுத்தச் சோதனை விவரம் பொறித்த தகடு இருக்கிறதா, சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்தால் காற்று சீறி வெளிவந்து, விட்டதும் சுத்தமாக அடைகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

இயந்திரம் ஆட்டோவில் வந்து இறங்கியது. நூறு கிலோவுக்கு மேல் எடை உள்ளதை இறக்க நான்கு பேர் வேண்டும் என்பதை முன்கூட்டியே யோசிக்காததால், தெருமுனை டீக்கடையிலிருந்து ஆள் பிடித்து வர வேண்டியதாயிற்று. புல்லியின் ஆரங்களே விசிறியாக இருந்து ஹெட்டைக் குளிர்விக்கின்றன. ஆகவே புல்லிப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அது தன் சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். ஒன்றரை அடி இடைவெளி விட்டேன். கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் அட்டைகளை வைத்தேன். தரையில் போல்ட் போட்டு இறுக்கிவிட வேண்டும் என்று கொத்தனார் வற்புறுத்தினார். சமமில்லாத தரையில் இறுக்கினால் அதிர்வு முழுவதும் கால்களின் பற்றவைப்பில் போய் நிற்கும், நாளடைவில் அங்கே விரிசல் விழும். ரப்பரே போதும் என்று நிறுத்திவிட்டேன்.

மின்சார வேலைக்கு வருகிறேன். இங்கேதான் நான் சறுக்கினேன். 2 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியருக்கு அருகில் எடுக்கும்; கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் கேட்கும். எங்கள் மெயின் போர்டிலிருந்து ஷெட்டுக்கு 20 மீட்டர். ஏற்கெனவே விளக்குக்காகப் போட்டிருந்த 1.5 சதுர மில்லிமீட்டர் வயரிலேயே முதல் வாரம் ஓட்டினேன். காலையில் ஓடியது, மாலை ஆறு மணிக்கு மேல் உறுமிக்கொண்டே நின்றது. போகவும் வரவும் சேர்த்து 40 மீட்டர் செம்புக் கம்பி. அந்த மெல்லிய கம்பியில் 50 ஆம்பியர் பாயும்போது கணக்குப்படி 24 வோல்ட் வழியிலேயே இழக்கப்படுகிறது. மாலையில் எங்கள் தெருவில் 205 வோல்ட்தான் இருக்கும். ஆக மோட்டாருக்குக் கிடைத்தது 180 வோல்ட். மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதால், 230 வோல்ட்டில் கிடைக்க வேண்டிய விசையில் ஏறத்தாழ 61 சதவீதமே மிஞ்சியது. குறை மோட்டாரில் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன்பு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது நல்லதாயிற்று. 4 சதுர மில்லிமீட்டர் வயரைத் தனியாக இழுத்த பிறகு அதே இழப்பு 9 வோல்ட்டாகக் குறைந்தது. அதன்பின் மாலையிலும் சிரமமின்றிக் கிளம்புகிறது. மின்னோட்டம் மிகுந்தால் தானாகத் துண்டிக்கும் எம்.சி.பி. ஸ்விட்சும் மோட்டாருக்கு ஏற்ற சி வகையாக இருக்க வேண்டும். வீடுகளில் விளக்குக்குப் போடும் பி வகை, கிளம்பும் மின்னோட்டத்தையே பழுது என்று எண்ணித் துண்டித்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கம்ப்ரசரை ஓட்டவே கூடாது. தூரம் வேண்டுமென்றால் காற்றுக் குழாயை நீட்டலாம், மின்கம்பியை நீட்டக் கூடாது.

இரண்டாவது சறுக்கல் மின்வெட்டு வழியாக வந்தது. கம்ப்ரசருடன் வந்த பிரஷர் ஸ்விட்ச் ஒன்றே போதும் என்று நினைத்திருந்தேன். டேங்க் 8 பாரை எட்டியதும் அது மோட்டாரை நிறுத்துகிறது, 6க்கு இறங்கியதும் மீண்டும் ஓட்டுகிறது. நிறுத்தும்போது “புஸ்” என்று ஒரு சத்தம் கேட்கும். ஹெட்டுக்கும் டேங்குக்கும் இடையிலுள்ள குழாயில் சிக்கிய காற்றை அன்லோடர் என்னும் சிறு வால்வு அப்போது வெளியேற்றுகிறது. அடுத்த முறை மோட்டார் சுமையின்றிக் கிளம்புவதற்காகவே இந்த ஏற்பாடு. ஆனால் அந்த வால்வு திறப்பது ஸ்விட்ச் விழும்போது மட்டுமே. ஓட்டத்தின் நடுவில் மின்சாரம் போனால் ஸ்விட்ச் விழுவதில்லை, குழாயில் 7 பார் அழுத்தம் அப்படியே நிற்கிறது. மின்சாரம் திரும்பி வந்ததும் மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப முயன்று, முடியாமல் உறுமுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நான் சாப்பிட உள்ளே போயிருந்தபோது இதுதான் நடந்தது. சோற்றில் கை வைத்திருக்கும்போதே எரிந்த வாடை வந்தது. ஓடிப்போய் அணைப்பதற்குள் கிளப்பும் கேப்பாசிட்டர் உப்பி வெடித்துவிட்டது. மோட்டார் சுருள் தப்பியது என் அதிர்ஷ்டம்.

கிணற்று மோட்டார் வைத்திருக்கும் எந்த விவசாயிக்கும் இதற்கு மருந்து தெரியும்: ஸ்டார்ட்டர் பெட்டி. மின்சாரம் போனதும் அதன் காந்தம் விட்டுவிடுகிறது, திரும்பி வந்தாலும் பச்சைப் பொத்தானை நாம் அழுத்தும் வரை மோட்டார் கிளம்பாது. மிகை மின்னோட்டம் நீடித்தால் ரிலே துண்டித்துவிடும். கேப்பாசிட்டர் மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் பெரியவர், “பம்புக்கு மாட்டறீங்க, இதுக்கு மாட்டாம விட்டுட்டீங்களே சார்” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மோட்டாரின் ஆம்பியருக்குப் பொருத்தமான ரிலே உள்ள ஸ்டார்ட்டரை மாட்டி, எர்த் வயரையும் டேங்கின் காலுக்குத் தனியாகக் கொடுத்தார். இப்போது மின்வெட்டு நேர்ந்தால் முதலில் பிரஷர் ஸ்விட்சின் குமிழைக் கையால் அணைத்து, அந்தப் “புஸ்” சத்தம் கேட்ட பிறகு மீண்டும் போட்டு, அதன்பின் பச்சைப் பொத்தானை அழுத்துகிறேன். வீட்டில் எல்லோருக்கும் இந்த வரிசை மனப்பாடம். கம்ப்ரசரோடு வரும் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தயாரிப்பாளர் மீது எனக்குள்ள முதல் மனத்தாங்கல் அதுதான்.

எண்ணெய் விஷயம் எளிது. 100 கிரேடு கம்ப்ரசர் ஆயிலை, கண்ணாடியில் தெரியும் புள்ளி வரை ஊற்ற வேண்டும். வண்டி எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கும் அழுக்கு நீக்கும் சேர்மங்கள் இங்கே பயன்படாமல் வால்வுத் தட்டுகளில் கரியாகப் படியும். முதன்முதலில் ஓட்டும்போது டேங்கின் அடி வால்வைத் திறந்தே வைத்து அரை மணி நேரம் சுமையின்றி ஓடவிட்டேன். முதல் 50 மணி நேர ஓட்டத்தில் எண்ணெயை மாற்றியபோது, வளையங்கள் பழகும்போது உதிர்ந்த உலோகத் தூள் எண்ணெயில் மினுங்கியது. அதன்பின் வந்த எண்ணெய் சுத்தமாக இருக்கிறது.

அடுத்து தண்ணீர். காற்றை அழுத்தினால் தண்ணீர் ஏன் வருகிறது என்று மகன் கேட்டபோது, துணி பிழிவதை நினைத்துக்கொள் என்றேன். 28 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதமுள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 22 கிராம் நீராவி இருக்கிறது. அதை 8 பாருக்கு அழுத்தினால் அது ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சூடு தணிந்த பிறகு அந்தச் சிறிய இடத்தில் 3 கிராம் நீராவிதான் தங்க முடியும். மீதி தண்ணீராக விழுகிறது. என் டேங்க் காலியிலிருந்து ஒரு முறை நிரம்பினால் மூன்று தேக்கரண்டி அளவு தண்ணீர் அடியில் தேங்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இன்னும் கூடுதலாகவே எதிர்பார்க்கலாம். இந்தத் தண்ணீரை ஒவ்வொரு நாள் வேலையும் முடிந்தவுடன் வடிக்க வேண்டும். ஆனால் வடிகால் திருகை டேங்கின் அடிவயிற்றில், தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். அதைத் திறக்க மல்லாந்து படுக்க வேண்டும். யாரும் தினமும் படுத்துத் திறக்கமாட்டார்கள் என்பதை இயந்திரம் செய்பவர்கள் அறியாதவர்களா என்ன? அந்தத் திருகைக் கழற்றிவிட்டு ஒரு எல்போவும் ஓரடி ஜி.ஐ. குழாயும் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) பந்து வால்வும் போட்டு முன்பக்கம் கொண்டுவந்தேன். மொத்தச் செலவு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. இந்த இயந்திரத்துக்கு நான் செய்த மாற்றங்களில் மிகப் பயனுள்ளது இதுவே.

தண்ணீரின் மீதிக் கதையை ஸ்கூட்டரின் பக்கவாட்டு மூடிக்கு முதல் முறை பெயின்ட் அடித்தபோது தெரிந்துகொண்டேன். கம்ப்ரசரின் வாயிலேயே ஒரு வடிகட்டியை மாட்டியிருந்தேன். அது தண்ணீரைப் பிடித்துவிடும் என்று நம்பினேன். அரை மணி நேரம் ஓடிய பிறகு கன்னிலிருந்து பெயின்ட்டுடன் நீர்த்துளிகளும் வந்து, பளபளப்பான சிவப்புப் பரப்பில் அம்மைத் தழும்புபோலக் குழிகள் விழுந்தன. வடிகட்டி துளியைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. கம்ப்ரசரின் வாயில் காற்று சூடாக இருக்கிறது, அப்போது நீர் இன்னும் ஆவியாகவே இருக்கிறது. வடிகட்டியைக் கடந்து குழாயில் போகப் போகக் குளிர்ந்து, கன்னுக்கு அருகில்தான் துளியாகிறது. ஆகவே வடிகட்டியின் இடம் கம்ப்ரசருக்கு அருகில் இல்லை, வேலை நடக்கும் முனையில்தான். சுவரோரமாக அரை அங்குல ஜி.ஐ. குழாயை எட்டு மீட்டர் நீளத்துக்கு, கடைசி முனையை நோக்கி மெல்லச் சரியும்படி இழுத்தேன். காற்றெடுக்கும் கிளைகள் குழாயின் மேற்பக்கத்திலிருந்து வளைந்து கீழே இறங்குகின்றன; கீழ்ப்பக்கம் ஓடும் தண்ணீர் கிளைக்குள் புகாது. கடைசி முனையில் செங்குத்தாக ஒரு துண்டுக் குழாயும் வால்வும் இருக்கின்றன. தண்ணீர் அங்கே வந்து சேர்கிறது. வடிகட்டியும் அழுத்தச் சீராக்கியும் அதற்கு முந்தைய கிளையில் உள்ளன. கம்ப்ரசருக்கும் இந்தக் குழாய்க்கும் இடையில் ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸ் போட்டிருப்பதால் அதிர்வு சுவருக்குப் போவதில்லை. மூடியைத் தேய்த்துத் திரும்ப அடித்தேன். இப்போது அதில் முகம் பார்க்கலாம்.

பிளம்பர் முதலில் கொண்டுவந்தது வீட்டுத் தண்ணீருக்குப் போடும் பிவிசி குழாய். விலை குறைவு, ஒட்டுவது சுலபம், 10 கிலோ அழுத்தம் தாங்கும் என்று எழுதியும் இருக்கிறது. தண்ணீருக்கு அது சரி. பிவிசி உடையும்போது சில்லுச் சில்லாகத் தெறிக்கும். உள்ளே இருப்பது தண்ணீரானால் அழுத்தம் உடனே விழுந்துவிடும், காற்றானால் விரிந்துகொண்டே வந்து அந்தச் சில்லுகளைத் தோட்டாபோல வீசும். திருப்பி அனுப்பிவிட்டேன். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

ஹோஸும், அதைக் கருவியோடு சட்டென்று மாட்டிக் கழற்ற உதவும் கப்ளரும் மலிவானவற்றை வாங்கி மூன்று மாதத்தில் மாற்றினேன். இரவு 8 பாரில் நிறுத்திய டேங்க் காலையில் 4 பாரில் இருந்தது. சோப்பு நுரையைத் தூரிகையில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவியபோது ஐந்து இடங்களில் குமிழி வந்தது. ஐந்தில் மூன்று, கப்ளர்கள். திருகுகளுக்கு டெஃப்லான் டேப்பைச் சுற்றிப் பித்தளைக் கப்ளர்களைப் போட்ட பிறகு, ஓர் இரவில் அரை பார்கூடக் குறைவதில்லை. ஹோஸுக்கு 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பி.யு. (பாலியூரிதேன்) வகை நன்றாக இருக்கிறது. டயருக்கு விற்கும் மெல்லிய சுருள் ஹோஸில் இம்பாக்ட் ரெஞ்சை மாட்டினால், டேங்கில் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் ரெஞ்ச் சோம்பித்தான் சுற்றும்.

இயந்திரத்தின் உண்மையான பழுது ஏழாம் மாதத்தில் வந்தது. மோட்டார் நின்ற பிறகும் அன்லோடரிலிருந்து “புஸ்” நிற்காமல் வந்துகொண்டே இருந்தது, டேங்க் மெல்லக் காலியானது. டேங்கின் வாயிலுள்ள என்.ஆர்.வி. என்னும் ஒருவழி வால்வு சரியாக அடையவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். விற்ற கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஓராண்டு உத்தரவாதம் மோட்டாருக்கும் ஹெட்டுக்கும் மட்டும்தான், வால்வுகள் அதில் வராது என்றார்கள். ஆள் அனுப்புவதற்குத் தனிக் கட்டணம் சொன்னார்கள், சொன்ன இரண்டு நாளும் ஆள் வரவில்லை. டேங்கை முழுவதும் காலியாக்கி, அழுத்தமானி பூஜ்யத்தில் இருப்பதை இருமுறை பார்த்து, வால்வை நானே கழற்றினேன். உள்ளே ரப்பர் தட்டு சூட்டில் கருகி விரிந்திருந்தது. சில நூறு ரூபாயில் தடித்த பித்தளை உடலும் நல்ல தட்டும் கொண்ட மாற்று வால்வு கிடைத்தது. ஒன்பது மாதமாகக் குறையில்லை. வாங்கும்போது உத்தரவாத அட்டையில் எந்தெந்தப் பாகம் அடங்கும் என்று கையால் எழுதி வாங்கிக்கொள்ளுமாறு இனி வாங்குவோருக்குச் சொல்வேன்.

சத்தத்தைப் பற்றி எங்கள் தெருவில் இதுவரை யாரும் முறையிடவில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பு வைக்கின்றன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. நான் மாலை ஏழு மணிக்கே நிறுத்திவிடுகிறேன். அடுத்த வீட்டில் பத்தாம் வகுப்புப் பையன் இருப்பதால் மார்ச் மாதம் முழுவதும் ஓட்டவில்லை. ஊதும் கன்னைப் பிடிக்கும்போது கண்ணாடி அணிகிறேன். உடம்பிலும் சட்டையிலும் படிந்த தூசியை அதால் ஊதிக்கொள்ளும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. தோலில் உள்ள சிறு காயம் வழியாகக் காற்று உள்ளே புகுந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், மகனுக்கு அதை முதல் நாளே தடை செய்துவிட்டேன்.

மின்செலவு அச்சப்படும்படி இல்லை. தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட் அளவில் ஆகும். வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட மோட்டார் ஓடுவதில்லை என்பதால் இரண்டு மாத பில்லில் இதன் பங்கைத் தனியாக அடையாளம் காண முடியவில்லை. வயர், ஸ்டார்ட்டர், குழாய், வடிகட்டி, ஹோஸ், கப்ளர் ஆகியவற்றுக்குச் சேர்த்து ஏறத்தாழ 13,000 ரூபாய் ஆயிற்று. இயந்திரத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இதற்குத் தனியாக எடுத்துவைக்காமல் கடைக்குப் போக வேண்டாம். கையில் இருப்பது மொத்தமே 34,000 என்றால் 1 எச்.பி. இயந்திரத்தை வாங்கி மீதியை நிறுவுவதில் போடுவதே மேல்.

பெல்ட்டின் இறுக்கத்தை மாதம் ஒரு முறை கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். நடுவில் அரை அங்குலம் தாழ்ந்தால் சரி. பெல்ட்டை மூடியிருக்கும் கம்பி வலை மட்டும் முதல் நாளிலிருந்து கிலுகிலுவென்று அதிர்ந்துகொண்டிருக்கிறது. ரப்பர் வாஷர் போட்டுப் பார்த்தேன், போல்ட்டை மாற்றிப் பார்த்தேன், வலையின் விளிம்பில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியும் பார்த்தேன். டியூபுக்குப் பிறகு சத்தம் பாதியாகியிருக்கிறது.